ஜன்னல் பக்கத்து முடிச்சுகள்

ஜூன் 9, செவ்வாய்

மேரி எப்போது திரும்பி வருவாள்? காலையில் பால் கொண்டுவந்த தெய்வானை கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் தயங்கியதில்லை. கோவையில் புள்ளியியல் நடத்திய காலமெல்லாம் மாணவிகளிடம் அதைத்தான் வலியுறுத்தினேன். ஆனாலும் தெய்வானையிடம், "அடுத்த மாசம் வந்துருவாங்க" என்றேன்.

"அடுத்த மாசம் ஆடி பொறக்குதுங்களே. ஆடியில பச்சப்புள்ளைய விட்டுப்போட்டு யாருங்க வருவாங்க?"

"அவங்க வேதக்காரங்க. அவங்களுக்கு ஏது ஆடி?"

"ஆடி இல்லீனா என்னங்க, பேத்தி இருக்குதுல்ல" என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

முன்பெல்லாம் அன்றைய வேலையைச் சாயங்காலம் மேரியிடம் சொல்லிவிடுவேன். இப்போது சொல்ல ஆளில்லாததால் எழுதி வைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

கூடத்தில் தையல் சட்டம் போட்டபடியே இருக்கிறது. அதில் பெரிய ஒட்டுப்போர்வை. மேலே நான் துண்டு துண்டாக இணைத்த கைத்தறித் துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடியில் காடாத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது சின்னச் சின்ன ஓட்டுத்தையல் வரிசைகள்தான். செப்டம்பரில் பெங்களூர்க் கண்காட்சிக்குப் போக வேண்டும். இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருக்கிறோம். சட்டத்தின் இந்தப் பக்கம் என் நாற்காலி. எதிர்ப்பக்கம் மேரியின் உயரமான முக்காலி. இரண்டு பேரும் அவரவர் பக்கத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்து வருவோம்.

மேரி கீழ்ப் போர்ஷனுக்குக் குடிவந்தவள். கணவர் எஸ்டேட் ஆபீசில் இருந்து இறந்தவர். கோத்தகிரியில் அவள் கழித்த முதல் குளிர்காலத்திலேயே எங்கள் அடுப்பு ஒன்றாகிவிட்டது, அடுத்ததாகச் சட்டமும். அவள் இடது கைக்காரி. எழுதுவது, சாப்பிடுவது, ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பது எல்லாம் வலது கையால்தான். பள்ளியில் அடித்துப் பழக்கிவிட்டார்கள். ஊசி மட்டும் அவர்கள் கண்ணில் படாமல் தப்பித்திருக்கிறது. இதில் ஒரு வசதி உண்டு. நான் வலது கைக்காரி, அவள் இடது கைக்காரி, எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேர் தையலும் ஒரே திசையில் ஓடும்: சமையலறைச் சுவர்ப் பக்கம் முடிச்சுப் போட்டுத் தொடங்கி, ஜன்னலை நோக்கி. கை இடிக்காது. எங்கள் போர்வைகளில் எல்லா முடிச்சும் சமையலறைப் பக்கம்தான் இருக்கும். எந்த வரிசை யாருடையது என்று வாங்குகிறவர்கள் கேட்டால், இருவருடையதும்தான் என்பாள் மேரி.

இன்று தைத்தது ஒரு வரிசை. மழை.

ஜூன் 11, வியாழன்

நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பிரிக்க வேண்டிய வேலை. அந்த இடம் இருவர் கைக்கும் எட்டும். யார் முதலில் போகிறோமோ அவர் தைத்துவிடுவோம். மே மாதக் கடைசியில், மேரி சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், எழுந்து நின்று பார்த்தபோதுதான் கவனித்தேன். தையல் கோணலாக, ஒன்று நீளம் ஒன்று குட்டையாக ஓடியிருந்தது. மகளுக்குப் பிரசவம் என்றதும் கவனம் போய்விட்டது. மனித இயல்புதான். ஆனாலும் கண்காட்சிக்குப் போகிற போர்வை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "பிரிச்சுடு" என்றாள். காலையில் முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

பிரிக்கக் கொக்கியை எடுத்தேன். நூல் எது துணி எது என்று தெரியாத மாதிரி வெளிச்சம். பனி ஜன்னல்வரை வந்து நிற்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூன் 13, சனி

கூடத்துக்குப் புது பல்பு வாங்கிப் போட்டேன். பிரயோஜனமில்லை.

ஜூன் 17, புதன்

புதன்கிழமை குன்னூர் போகும் நாள். அங்கே பள்ளி முடிந்த பிறகு பெண்பிள்ளைகள் சிலருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வரும்போது பஸ்ஸில் நனைந்த கம்பளி நாற்றம்.

என் நாற்காலியில் முதுகுக்கு வைக்கிற குஷன் ஒன்று உண்டு. ஒரு வருஷத்துக்கும் மேலாக, புதன்கிழமை திரும்பி வந்தால் அது முதுகுப் பக்கம் இல்லாமல் உட்காரும் இடத்தில் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பூனை வேலை. மேரியிடம் பலமுறை குறைபட்டிருக்கிறேன். "கதவைச் சாத்தித்தான் வெச்சேன், எப்படி வருதோ" என்பாள். இன்று வந்து பார்த்தால் குஷன் வைத்த இடத்திலேயே இருக்கிறது. போன வாரமும் அப்படித்தான். பூனைக்கும் இந்த வீடு சலித்துவிட்டது போல.

ஜூன் 19, வெள்ளி

என் பக்கம் இரண்டு வரிசை. தள்ளி நின்று பார்த்தால் திருப்தி இல்லை. நூல் புது ரகம், முறுக்கு போதவில்லை. அடுத்த முறை பழைய கடையிலேயே வாங்க வேண்டும்.

மேரியின் பக்கத்தில் நான் தைக்கவில்லை. சட்டத்தைத் திருப்பிப் போட்டால் தைக்கலாம். ஒரு ஆளாகத் திருப்ப முடியாது.

ஜூன் 25, வியாழன்

மேரி போன் செய்தாள். அவளாகத்தான். பின்னால் குழந்தை அழுகிற சத்தம், குக்கர் சத்தம், யாரோ கதவைத் தட்டுகிற சத்தம்.

"என்ன டீச்சர், சாப்டியா?"

"ஆச்சு."

"என்ன சாப்ட?"

"சாதம்தான்."

"சாதத்துக்கு என்னன்னு கேட்டா சொல்லமாட்டியே. சரி. தைக்கிறியா?"

"தைக்கிறேன்."

"சாயங்காலத்துல தைக்காத. வெயில் இருக்கறப்ப மட்டும் தை. ஜன்னலோரமா."

போன வருஷம் சட்டத்தை ஜன்னலோரம் நகர்த்த வைத்தவளும் இவள்தான். தன் முழங்காலுக்கு வெயில் வேண்டும் என்றாள். புது பல்பு போட்டிருப்பதைச் சொன்னேன்.

"பல்பு கெடக்கட்டும். அந்த நடு எடத்தைப் பிரிச்சியா?"

"இன்னும் இல்ல."

"முழுசாப் பிரிச்சுடு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

பாப்பாவுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லையாம், மாப்பிள்ளை எட்வின் வீட்டில் ஒன்று சொல்ல, மகள் ஷைனி ஒன்று சொல்கிறாளாம். "நான் எதுவும் வாயத் தொறக்கல. பாட்டி வேலை பீத்துணி துவைக்கிறதோட சரி" என்று சிரித்தாள். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சாதத்துக்கு ஊறுகாய். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 3, வெள்ளி

குன்னூர் அபிராமி தன் தங்கை குழந்தைக்குச் சொல்லியிருந்த சின்னப் போர்வையை வாங்கிப்போக வந்தாள். கருநீல வானம், நடுவில் மஞ்சள் நட்சத்திரங்கள். பிரித்துப் பார்த்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள்.

"நீலத்துக்கு நடுவுல கறுப்பும் வெச்சிருக்கீங்களே மேடம்."

நான் வைக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. அவள் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபோது தெரிந்தது. ஐந்தாறு கட்டங்கள் கறுப்பு. துண்டுகளை அடுக்கியபோது கலந்திருக்கிறேன்.

"மாத்தித் தரேன்" என்றேன்.

"ஐயோ வேண்டாம் மேடம். ராத்திரி வானம்னா அப்படித்தானே இருக்கும்? நல்லாருக்கு."

நல்ல பெண். திட்டியிருந்தால் நான் திருப்பி வாங்கி வைத்திருப்பேன். பாராட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

துணிகளை வெட்டி அடுக்கும்போது மேரி வந்து தன் பங்குக்கு ஒருமுறை மாற்றி அடுக்குவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்தத் தடவை யாரும் மாற்றி அடுக்கவில்லை.

ஜூலை 10, வெள்ளி

பெங்களூர் போக வேண்டும். பஞ்சுப் படலம் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தையல்காரிகள் கூடுகிறார்கள். இரண்டு பேரும் போவதாக ஏப்ரலில் பேசிவைத்தது. ஒருத்திக்கு டிக்கெட் எடுத்தேன். மாதிரிக்குக் காட்ட, போன குளிர்காலத்தில் சட்டத்தில் தைத்த, சுவரில் மாட்டும் சிறிய தொங்கலை எடுத்து வைத்திருக்கிறேன். முழுக்க என் கைவேலை. மேரி வெட்டவும் இல்லை, தைக்கவும் இல்லை.

ஜூலை 12, ஞாயிறு. பெங்களூர்

மைசூர் வழியாக வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே கடலை கொடுத்தார். மேரியாக இருந்தால் மைசூர் வருவதற்குள் அவர் குடும்பக் கதை முழுதும் வாங்கியிருப்பாள். நான் கடலையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் ஜெயநகரில் நளினாட்சியம்மா வீட்டு மாடியில். ஒவ்வொருவர் வேலையும் கைமாறி வந்தது. என் முறைக்கு ஒரு போர்வை வந்தபோது அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன்.

"கண்ணாடிய மறந்துட்டியாம்மா?" என்றார் நளினாட்சியம்மா. அறுபதைத் தாண்டியவர்.

"நான் போடறதில்ல."

"போடறதில்லையா, வாங்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். "இங்க பாரு, இந்த ரூம்ல கண்ணாடி இல்லாத ஒரே ஆள் நீதான். ஒண்ணு நீ சின்னப் பொண்ணு, இல்ல பொய் சொல்ற" என்று தன் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் போட்டார். மறுத்தால் பேச்சு நீளும். போட்டுக்கொண்டேன்.

அப்போது என் மடியில் கிடந்தது என்னுடைய தொங்கல்தான். அதன் தையல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து, பவர் ஒத்துவரவில்லை என்றேன். மதியச் சாப்பாடு பிசிபேளாபாத். கண்காட்சிக்கு இரண்டு பேரும் வருவீர்கள்தானே என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்றேன்.

தொங்கலை யாருக்கும் காட்டவில்லை. பைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஜூலை 16, வியாழன்

கடைவீதியில் இம்தியாஸ் கண்ணாடிக் கடை. சோதித்துவிட்டு, "எத்தனை வருஷமாக்கா இப்படி?" என்றார்.

"எப்படி?"

"கிட்டத்துல ஒண்ணும் தெரியாம."

"தெரிஞ்சுது" என்றேன்.

"அம்பது கிட்ட வந்தா எல்லாருக்கும் வர்றதுதான். நீங்க மட்டும் என்ன விதிவிலக்கா?" என்று ஒரு சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்தார். இதை மாணவிகளுக்கு நான் வேறு வார்த்தைகளில் நடத்தியிருக்கிறேன்.

பெட்டியை இன்று திறக்கவில்லை. வெளிச்சம் போய்விட்டது.

ஜூலை 17, வெள்ளி

பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வெயில் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் மேரியின் பக்கம் போய் நின்றேன். விளிம்பிலிருந்து நடுவரை ஒரே அளவு. கடைசி நாள் தைத்த வரிசையும் அதே அளவு. அவள் கவனம் எங்கேயும் போகவில்லை.

பிறகு என் பக்கம். அவள் போன பிறகு நான் தைத்த வரிசைகளைப் பற்றி எழுத வேண்டியதில்லை. நூல் மேல் பழி போட்டிருந்தேன். நடுவில் உள்ள கோணல் தையலும் இதுவும் ஒரே கை. பார்த்த உடனே தெரிகிறது. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் என் பக்கத்திலேயே, அதற்கு முன் தைத்தவற்றில் பாதிக்கு மேல் நேராக, ஒழுங்காக இருக்கின்றன. அங்கே சந்தேகம் வந்தது. ஒரு வரிசையை விரலால் தடவிப் போனேன். சமையலறைப் பக்கம் முடிச்சு இல்லை. ஜன்னல் பக்கம் போய்த் தடவினேன். முடிச்சு அங்கே இருந்தது. அடுத்த நேர் வரிசையிலும் ஜன்னல் பக்கம். அதற்கடுத்ததிலும்.

என் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலில் தொடங்கிச் சமையலறையை நோக்கித் தைக்க வேண்டுமானால் இடது கையால்தான் தைக்க வேண்டும்.

இன்னும் குனிந்து பார்த்தேன். அந்த வரிசைகளை ஒட்டி, துணியில் பொடிப்பொடியாகத் துளைகள். ஏற்கெனவே ஒரு தையல் இருந்து, பிரித்தெடுத்த தடம். துவைத்தால் மூடிக்கொள்ளும். இந்தப் போர்வை இன்னும் தண்ணீர் பார்க்கவில்லை. துளைகள் கோணலாகப் போகின்றன. ஒன்று நெருக்கம், ஒன்று தூரம். பெங்களூருக்கு எடுத்துப்போன தொங்கலைக் கொண்டுவந்து பார்த்தேன். அதிலும் பாதி முடிச்சு ஜன்னல் பக்கம்.

மேரி குள்ளம். என் நாற்காலியிலிருந்து அவளுக்குச் சட்டம் எட்டாது. உயரத்துக்கு அடியில் ஏதாவது போட்டுக்கொண்டுதான் உட்கார முடியும்.

பூனை வரவே இல்லை.

ஜூலை 18, சனி

தைக்கவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

அன்று சாயங்காலம் நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டிருந்தேன். "மனசில்லாம தைக்கிறதுக்கு நீங்க தைக்காமலே இருந்திருக்கலாம் மேரிக்கா." அவள் கையிலிருந்த ஊசியைத் துணியிலிருந்து உருவி, நூலை அறுத்து, டப்பாவில் போட்டு மூடினாள். பிறகுதான் "பிரிச்சுடு" என்றாள். நான் சாப்பிடப் போய்விட்டேன்.

அது யார் தையல் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

ஜூலை 22, புதன்

குன்னூர். மழையில் மரம் விழுந்து வழியில் ஒரு மணி நேரம் நின்றோம். வீட்டுக்கு வந்து குஷனைப் பார்த்தேன். எதற்குப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 27, திங்கள்

ஷைனி போன் செய்தாள்.

"ஆன்ட்டி, நான் அடுத்த மாசம் வேலையில சேரணும். அம்மாவை இங்கயே வெச்சுக்கலாம்னு இருக்கோம். அவங்களும் சரின்னுட்டாங்க."

"நல்லது" என்றேன்.

"எட்டாம் தேதி சனிக்கிழமை அம்மாவும் எட்வினும் வர்றாங்க. மேட்டுப்பாளையத்துல ஒரு வண்டி புடிச்சுட்டு வந்து சாமானை எடுத்துட்டு அன்னைக்கே எறங்கிருவாங்க. மெஷின், கட்டில், ரெண்டு ட்ரங்கு, அவ்வளவுதானே ஆன்ட்டி?"

"முக்காலி ஒண்ணு இருக்கு."

"அதெல்லாம் இங்க வைக்க எடமில்ல ஆன்ட்டி. நீங்களே வெச்சுக்கங்க. அம்மாகிட்ட பேசறீங்களா? பாப்பாவக் குளிப்பாட்டிட்டு இருக்காங்க, கூப்பிடவா?"

"வேண்டாம். குளிப்பாட்டட்டும்."

வைத்த பிறகுதான் பாப்பாவின் பெயரைக் கேட்கவில்லை என்று ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 1, சனி

வேலை நடக்கிறது. மேரி போன பிறகு நான் தைத்தவற்றையெல்லாம் பிரித்து, கண்ணாடியோடு மறுபடி தைத்தேன். இப்போது பரவாயில்லை. அவள் அளவு இல்லை. நடுவிலிருப்பதைத் தொடவில்லை. பிரிக்க வேண்டியது அதுதான் என்று தெரியும். அது அப்படியே இருக்கட்டும், எட்டாம் தேதிவரை.

கண்ணாடியோடு வாசலுக்குப் போனதைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா கலெக்டரம்மாவாட்டம் இருக்கறீங்க" என்றாள் தெய்வானை.

"கலெக்டரம்மாவுக்கு இவ்வளவு தண்ணியாவா பால் ஊத்துவ?"

"அது மழத்தண்ணிங்க. கேன் தொறந்தா உள்ள உழுந்துருது" என்றாள். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேரியம்மா சாமான் எடுக்க வருதாமா?" என்றாள். இந்த ஊரில் எதையும் நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

குன்னூருக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். கீழே அவள் அறையைத் திறந்து காற்றாட விட்டேன். சுவரில் பூஞ்சை. மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தேன். கட்டிலுக்கடியில் ஒரு செருப்பு, ஒற்றை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

நாளைக்கு வருகிறார்கள். பதினோரு மணி ஆகும் என்றான் எட்வின். சமையல் ஆகிவிடும். மழை இல்லாவிட்டால் மூன்று மணிக்குள் சாமானை ஏற்றிவிடலாம்.

மேரியிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று வாக்கியம் போதும். நடுவில் இருந்தது என் தையல், மேரிக்கா. நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து செய்ததைப் பார்த்துவிட்டேன். மூன்றாவதை இங்கே எழுதப் போவதில்லை. மூன்றாவதைக் கேட்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்றும் யோசித்தேன். அங்கே குழந்தை இருக்கிறது, மகள் வேலைக்குப் போக வேண்டும். இங்கே பூஞ்சை, பனி, சாதத்துக்கு ஊறுகாய். எந்தப் பக்கம் எடை அதிகம் என்று சொல்லப் படிப்பு தேவையில்லை.

முதல் இரண்டையாவது சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பே. சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் எனக்குச் சொல்ல வராது.

ஆகஸ்ட் 8, சனி

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். மினி லாரி, டிரைவர், எட்வின், முன்சீட்டில் மேரி. இளைத்திருக்கிறாள். படியேறி வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கிட்டியா?"

"ம்."

"எப்ப?"

"போன மாசம்."

"நல்லாருக்கு. கொஞ்சம் ஆந்தை மாதிரி."

அதன் பிறகு சாப்பாடு. எட்வின் மூன்று தடவை ரசம் வாங்கிக்கொண்டான். பாப்பாவுக்கு எவாஞ்சலின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜெயித்தார்களாம். நான் சொல்ல நினைத்தது எதையும் சாப்பாட்டுக்கு முன் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பின்னும் சொல்லவில்லை. அவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

மேரி கூடத்துக்கு வந்து சட்டத்தருகே நின்றாள். நடுவில் விரலை வைத்தாள். "பிரிக்கவே இல்லையா நீ?"

"மேரிக்கா, இங்க வந்து உட்காருங்க."

"என் முக்காலி அந்தப் பக்கம்ல இருக்கு."

"இல்ல. என் நாற்காலியில."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ஒரே தடவையில் நுழைந்துவிடுகிறது. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நாற்காலியின் முதுகிலிருந்து குஷனை உருவி, உட்காரும் இடத்தில் போட்டு, ஒரு தட்டுத் தட்டி, ஏறி உட்கார்ந்தாள். யோசிக்காமல் செய்தாள். உட்கார்ந்த பிறகுதான் கை குஷன் மேல் அப்படியே நின்றது.

"பூனைன்னு நெனச்சிருந்தேன்" என்றேன்.

"பூனைதான்" என்றாள் மேரி.

ஊசியை நீட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள். நான் எதிர்ப்பக்கம் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். ரொம்ப உயரம், இத்தனை வருஷம் இதில் எப்படி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. நடுவிலிருந்த கோணல் வரிசைகளை இருவரும் பிரித்தோம். பிறகு தைத்தோம். இடம் மாறி உட்கார்ந்ததால் இரண்டு பேருமே ஜன்னலில் தொடங்கிச் சமையலறையை நோக்கி வந்தோம். கை இடிக்கவில்லை. என் தையலை அவள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தன் வரிசைக்குத் திரும்பினாள்.

எட்வின் வாசலில் வந்து நின்றான். "அத்தே, எல்லாம் ஏத்தியாச்சு. பனி எறங்குது. இருட்டறதுக்குள்ள மலையவிட்டு எறங்கணும்னு டிரைவர் சொல்றாரு."

"இந்த வரிசை முடியட்டும்."

அந்த வரிசை முடிந்தது. இன்னொன்று தொடங்கினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். எட்வின் மறுபடி வந்தான்.

"மெஷின் போகட்டும் தம்பி" என்றாள் மேரி, தலை நிமிராமல். "ட்ரங்கு ரெண்டும் போகட்டும். கட்டில் இருக்கட்டும்."

"கட்டிலா? கயிறெல்லாம் கட்டியாச்சே அத்தே."

"அவுத்துரு."

"ஷைனி கேட்டா நான் என்ன சொல்ல?"

"கட்டில் கதவுல நுழையலன்னு சொல்லு."

"நுழைஞ்சுதானே வெளிய வந்துச்சு?"

மேரி வரிசையை முடித்து, நூலை அறுத்து, ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள். கிளம்பும்போது, "சாதத்துக்கு ஏதாவது வெச்சுச் சாப்பிடு" என்றாள். கண்காட்சியைப் பற்றி நானும் கேட்கவில்லை. என்னுடைய மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை. வண்டி நாலேகாலுக்குக் கிளம்பியது. வளைவில் திரும்பும்வரை முன்சீட்டு ஜன்னலில் அவள் கை தெரிந்தது. எந்தக் கை என்று பார்க்கவில்லை.

எட்வினும் டிரைவரும் அவசரத்தில் கட்டிலைத் தலைமாடு மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேரி கதவைப் பார்த்துத் தலை வைத்துப் படுக்கமாட்டாள். சாயங்காலப் பால் கொண்டுவந்த தெய்வானையைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். அவள் அறையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"இது போகலீங்களா? அப்ப மேரியம்மா எப்பங்க வருது?"

"தெரியல. நீ அந்த முனையப் பிடி" என்றேன்.